வீடியோ அண்ணன்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பாடம் என்று ஒன்று உண்டு. பாடம் என்றால் ஒரு மெல்லிய புத்தகம், சுவரில் மாட்டுகிற படத்தாள்கள் கொஞ்சம், பிறகு ஒரு வீடியோ. இதனால் பிள்ளைகளுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் பாடநூல் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. முன்பு உயிரியல் டீச்சராக இருந்தவள். எதைப் பார்த்தாலும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகிற சுபாவம். ஊரில் அவளை ஆய்வுக்காரம்மா என்றார்கள்.

இந்த மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் வழக்கமாக ஆசிரியர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து மிக நன்று, நன்று, சுமார் என்பதில் ஒன்றுக்கு டிக் போடச் சொல்வார்கள். வாத்தியார்களும் கையிலிருக்கிற டீ ஆறுவதற்குள் மிக நன்றில் டிக் போட்டுத் தலைவலியை முடித்துவிடுவார்கள். ஆய்வுக்காரம்மாவுக்கு அந்த டிக்கில் நம்பிக்கை போய்ப் பல காலம் ஆகிறது. அவள் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போவாள். போன வருஷம் பாடத்தைப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பெஞ்சில் அவர்களோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்தப் பாடத்தில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அப்படி மூடிக்கொள்வதுதான் இந்த வேலையில் அவள் கற்ற பெரிய வித்தை. பிள்ளைகளால் சும்மா இருப்பதை ரொம்ப நேரம் தாங்க முடியாது. யாராவது எதையாவது சொல்லிவிடுவார்கள்.

மற்றப் பள்ளிகளில் சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பையன் துணியை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பான், அப்புறம் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பான். துணியில் என்ன இருந்தது, அது உடம்பை என்ன செய்தது, யாருக்கும் நினைவில்லை. ஒரு பள்ளியில் ஒருவன், அந்தப் பையன் போட்டிருந்த மஞ்சள் சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு குழுவே உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதிய பாடத்தில் மிஞ்சியது ஒரு சட்டையா?

ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் கதை வேறு மாதிரி இருந்தது.

"அந்த அண்ணன் இங்கதான் மிஸ் இருக்காரு" என்றான் ஒருவன். "மார்க்கெட்டுக்குப் பின்னால மோட்டாருக்குக் காயில் கட்டுற கடையில. அங்க பூரா பெயிண்ட் தின்னர் வாசனைதான். இன்னும் விட முடியல போல."

"விட்டுட்டாரு மிஸ்" என்று இன்னொருத்தி அவனை முறைத்தாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் விட்டுட்டாரு."

ஆய்வுக்காரம்மா அவர்களைத் திருத்தவில்லை. அது நடிப்பு என்பது அவளுக்குத் தெரியும். படத்தின் கடைசியில் நடித்தவர்கள் பேர் வரும். இங்கே யாரும் அதுவரை பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் தன் அடுத்த கேள்வியைக் கேட்டாள். உன் சிநேகிதன் ஒருத்தன் இதில் மாட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள், நீ யாரிடம் போவாய்? புத்தகத்தில் அதற்கு விடை இருக்கிறது. பெற்றோர், ஆசிரியர், சுகாதார நிலையம். மற்ற இடங்களில் பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள், இல்லையென்றால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். இங்கே கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி யோசிக்காமல், "வீடியோ அண்ணன்கிட்ட" என்றாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வகுப்பு முழுக்க அடங்கிப்போயிற்று. தெரியாமல் முழிக்கிற அமைதிக்கும் எதையோ மூடி வைக்கிற அமைதிக்கும் உள்ள வித்தியாசம் டீச்சராக இருந்தவளுக்குத் தெரியாதா?

அறிவியல் வாத்தியாரிடம் விசாரித்தாள். அவர் சிரித்துக்கொண்டே, அவன் நம் பள்ளியில் படித்த பையன்தான், படம் எடுக்க வந்தவர்கள் அவனைப் பிடித்து நடிக்க வைத்தார்கள் என்றார். பேர் போடுவது கடைசியில் வருகிறது, அதற்குள் பெல் அடித்துவிடும், நிறுத்திவிடுவோம் என்றார். பிள்ளைகள் அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலிலேயே எரிந்துபோன பம்பு மோட்டார்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. மழைக்காலம் வந்தால் ஊரில் பாதி மோட்டார் தண்ணீர் புகுந்து கருகிவிடும். உள்ளே மூக்கைத் துளைக்கிற வார்னிஷ் வாடை. மேஜைக்குப் பின்னால் கடைக்காரர், வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயிலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஆய்வாளர்" என்று அவள் சொன்னதுதான் தாமதம், வாயிலிருந்த நூல் கீழே விழுந்தது. ஆய்வாளர் என்றால் அவருக்குப் போலீஸ்தான். லைசென்ஸ் புதுப்பித்தாகிவிட்டது, செம்புக் கம்பி எல்லாம் பில் போட்டு வாங்கியது, திருட்டுக் கம்பியைக் கையால் தொடுவதில்லை என்று அவள் கேட்காததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். பாடப் புத்தகத்தை ஆய்வு செய்கிறவள் என்று அவள் விளங்க வைத்த பிறகுதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, "டேய் வீடியோ, உன்னப் பாக்கத்தான் வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். சொந்தத் தாய்மாமனே அப்படித்தான் கூப்பிட்டார். ஊரில் அவன் பேர் அதுவாகி வருஷக்கணக்காகிறது.

வீடியோ ஒரு மோட்டாரின் கருகிய காயிலை உளியால் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒல்லி. ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே பிறவியிலேயே கருவளையம். அந்த முகத்தைப் பார்த்ததும் படக்காரர்கள் ஏன் இவனைப் பிடித்தார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு அவன் வேலையை விடாமலே பேசினான். படம் எடுக்க வந்த வாரம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து தணிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலேயே அதிகம் இளைத்தவன் அவன்தான். மேக்கப் செலவு மிச்சம் என்று டைரக்டர் சொன்னாராம். துணியில் இருந்தது வெறும் தண்ணீர். ஆஸ்பத்திரிக் காட்சிக்குக் கட்டிலில் படுக்கச் சொன்னபோது காமாலைக் களைப்பில் நிஜமாகவே தூங்கிவிட்டான். அதுதான் படத்திலேயே ரொம்ப உருக்கமான இடம் என்று பேர் வாங்கியது.

காயிலைக் கொத்தி எடுத்ததும் இரும்பிலிருந்த பள்ளங்களைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய தாளை மடித்துச் செருகினான். புதுக் கம்பிச் சுருளை அதற்குள் வைத்து, தேய்ந்த மூங்கில் பட்டையால் நோகாமல் அழுத்தினான். கம்பியின் மேல்பூச்சு எங்காவது கீறினால் மோட்டார் ஓடாது, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும் என்றான். அவள் அதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று கேட்டாள்.

மூங்கில் பட்டை நின்றது. "சும்மா வருவாங்க" என்றான். பட்டை மறுபடி நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. வந்திருப்பது யார் என்று தம்பி சொன்னதும் ஈரக் குடையை மடக்காமலே, "அந்தப் படத்த எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டாள். இல்லை, அது நல்லதா கெட்டதா என்று பார்க்க வந்தவள் என்று ஆய்வுக்காரம்மா சொன்னாள். "அப்ப வீட்டுக்கு வாங்க. நான் சொல்றேன் நல்லதா கெட்டதான்னு."

கடைக்குப் பின்சந்தில்தான் வீடு. இரண்டு அறை, துணி காயப்போட்ட கயிறு குறுக்கே ஓடியது. முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, ரொட்டியைத் தோசைக்கல்லில் சுட்டு வைத்தாள் அம்மா. வைத்துக்கொண்டே பேசினாள். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணும் இவனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புகிறார்கள். நல்ல பெண். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். அவரும் முதலில் சம்மதிப்பது போலத்தான் இருந்தார். அதற்குள் அவருடைய இளைய மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள், பாடம் நடந்தது, படம் போட்டார்கள். அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், அக்கா கட்டிக்கப்போறது யாரைன்னு தெரியுமாப்பா என்று ஆரம்பித்துவிட்டாள்.

"படம் எடுத்தப்போ பெருமைப்பட்டேன்மா. பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இப்ப வருஷா வருஷம் புதுசா ஒரு வகுப்புக்கு என் பிள்ளைய நாசமாப்போனவனாக் காட்டுறாங்க. அவன் வளந்துட்டான். படத்துல மட்டும் மோந்துக்கிட்டே நிக்கிறான். அத நிறுத்தச் சொல்லி எழுதுங்க."

நிறுத்துவது தன் கையில் இல்லை, ஆனால் எழுத முடியும் என்றாள் ஆய்வுக்காரம்மா. நடிப்புதான் என்று டிரைவரிடம் விளக்கிச் சொன்னால் போதாதா என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றாள் அம்மா. அவர் ஒன்றும் புரியாத மனுஷர் இல்லை. நடிப்பு என்றால் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அடுத்ததாக அவர் கேட்ட கேள்விக்குத்தான் அம்மாவிடம் பதில் இல்லை. ஸ்கூல் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அந்தக் கடைக்கு ஏன் போய் வருகிறார்கள்? அங்கே என்ன விற்கிறான்?

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த வீடியோ கையை எடுத்துவிட்டான்.

"அந்தப் படத்த நிறுத்த வேணாம்மா" என்றான்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பேர் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அவன் ஆரம்பித்தான். முதலில் வந்தவன் ஒரு பையன். கடையை அடைக்கிற நேரம் வந்து நின்று, எப்படிண்ணே விட்டீங்க என்று கேட்டான். நான் நடிச்சதுடா என்று இவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தப் பையன் முகம் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டான். இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் இவன் நடிப்பு என்று சொல்லவில்லை. உட்கார வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, சரியான சமயம் பார்த்துச் சுகாதார நிலையத்து நர்ஸக்காவிடம் தானே கூட்டிக்கொண்டு போனான்.

"டீச்சர்கிட்ட போலாம்ல, வீட்ல சொல்லலாம்லன்னு கேட்டேன் ஒருத்தன்கிட்ட. அவங்கல்லாம் நல்லவங்கண்ணே, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது, நீங்கன்னா ஏற்கெனவே கெட்டுப்போனவர்தானேன்னான்." சொல்லிவிட்டு வீடியோ சிரித்தான். மற்ற இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லலியேடா" என்றாள் அம்மா.

"அவங்க என்கிட்ட சொன்னது என்னோடதில்லையேம்மா."

ஆய்வுக்காரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே பரபரப்பாக இருந்தது. பள்ளி பள்ளியாக அலைந்து அவள் தேடியது இதைத்தானே. பாடம் ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பி, நடக்க வைத்து, யாராவது ஒரு மனுஷரிடம் கொண்டுபோய் விடுகிறதா? இங்கே விட்டிருக்கிறது. ஆனால் பாடம் எழுதியவர்கள் நினைத்த வழியில் இல்லை, ஒரு தப்பான நம்பிக்கையால். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அவள் கேட்டே விட்டாள். எப்படி விட்டீங்க என்று கேட்கிறார்களே, நீ என்ன சொல்லுவாய்?

அவன் தலையைக் குனிந்தான். காமாலையில் பட்ட கஷ்டத்தையும் நர்ஸக்கா சொன்னதையும் கலந்து ஏதோ ஒன்றைச் சொல்லுவானாம். ஒருநாள் ஒருத்தனுக்குக் கைகால் உதறியது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி அனுப்பினான். நர்ஸக்காவுக்குத் தெரிந்து, உடனே கூட்டிக்கொண்டு வரவேண்டாமா, அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீ போய் நிற்பாயா என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். அந்தப் பையன் தப்பித்துக்கொண்டான். "அதுலேர்ந்து யாராச்சும் வந்து உக்காந்தாலே, கை உதறுதான்னுதான் முதல்ல பாக்கறேன்" என்றான் வீடியோ.

மறுநாள் சாயங்காலம் டிரைவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மகள், கண்ணாடிக்கடைப் பெண். ஆய்வுக்காரம்மாவும் இருந்தாள். சண்டை போட வந்தவராகத் தெரியவில்லை. டீயை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தரையில் வைத்த பிறகுதான் பேசினார்.

"தம்பி, பஸ்ல தினம் எத்தனை பேரு ஏறுறாங்க. ஒருத்தன் மூஞ்சியப் பாத்தா ஓரளவு எனக்குத் தெரியும். நீ தப்பானவன்னு எனக்குத் தோணல. ஆனா எனக்கு ரெண்டு பொண்ணு. சின்னவளும் அதே ஸ்கூல்ல படிக்கிறா. பிள்ளைங்க ஏன் வராங்கன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

வீடியோ ஆய்வுக்காரம்மாவைப் பார்த்தான். அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த நிமிஷமே எல்லாம் தீரும். ஆனால் நாளைக்கு ஊர் முழுக்க, அந்தக் கடைக்குப் போகிற பிள்ளை எதற்குப் போகிறது என்று தெரிந்துபோகும். அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்த முறை அது வித்தையாக இல்லை, சிரமமாக இருந்தது.

"அத நான் சொல்ல முடியாதுங்க" என்றான் வீடியோ.

அம்மா, சொல்லித் தொலையேன்டா என்பது போல அவனைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அவளும் சொல்லவில்லை. டிரைவர் மகளைத் திரும்பிப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, கேட்டதும் இல்லை என்றாள் அவள். எதிர்க் கடையிலிருந்து தினமும் பார்க்கிறவள். "உள்ள வரும்போது இருக்கிற மூஞ்சியவிட வெளிய போகும்போது பிள்ளைங்க மூஞ்சி நல்லாருக்குப்பா. எனக்கு அது போதும்."

டிரைவருக்குப் போதவில்லை. சரி, யோசிக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இனி அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று மாமா வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்.

அவர்கள் போன பிறகு வீடியோ டீ டம்ளர்களை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு, வகுப்பில் வந்து உண்மையைச் சொல்லட்டுமா என்று ஆய்வுக்காரம்மாவிடம் கேட்டான். கல்யாணத்துக்காகவா என்று அவள் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தான். மறுபடி யாராவது கைகால் உதறிக்கொண்டு வந்தால், தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றான். சொன்னால் யாரும் வராமல் போகலாம் என்றாள் அவள். போகலாம் என்று அவனும் ஒப்புக்கொண்டான். அப்படி நடந்தால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் தெரியணும்ல என்றான்.

அறிவியல் வாத்தியார் இரண்டு வகுப்பு நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்பதும் பத்தும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெளியே மழை ஓட்டுக்கூரையில் பெய்த சத்தத்தில் படத்தின் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் மறைந்தது, இசை வந்தது, நடித்தவர்கள் பேர் மேலே ஏறிப்போயிற்று. விளக்கைப் போட்டதும் அதே முகம், கொஞ்சம் வயசாகி, பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். வார்னிஷ் கறை போகவில்லை.

தான் நடித்தவன்தான் என்று சொன்னான். துணியில் தண்ணீர், கட்டிலில் காமாலைத் தூக்கம். ஒரு பையன் பக்கென்று சிரித்தான். அவனோடு யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள்.

"அப்ப நீங்க எதுலயும் மாட்டவே இல்லையாண்ணே?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்ல."

அவள் உட்கார்ந்து டெஸ்க்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வீடியோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "கேட்டவங்களுக்கு நான் சொன்னதுல பாதி நர்ஸக்கா சொன்னது. மீதி நானாச் சேத்தது. சேத்தது தப்பு. ஆனா நீங்க பேசினத நான் உக்காந்து கேட்டேன் பாருங்க, அது நடிப்பு இல்ல" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. பெல் அடித்தது. பிள்ளைகள் அவனைத் தொடாமல், அவனுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து வெளியே போனார்கள்.

ஆய்வுக்காரம்மா ஊரைவிட்டுப் போகுமுன், நடித்தவர்கள் பேரைப் படத்தின் தொடக்கத்திலேயே போட வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். மற்றதை எழுதவில்லை. மழை விட்ட பிறகு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், அதற்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் அதே பெஞ்சில் அதேபோல உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டாள். பிள்ளைகள் அருமையாகப் பதில் சொன்னார்கள். துணியில் இருப்பது என்ன, அது மூளையை என்ன செய்யும், எல்லாம் டாண் டாணென்று வந்தது. சிநேகிதன் மாட்டிக்கொண்டால் யாரிடம் போவாய் என்றதற்கும் தடங்கலே இல்லை. பெற்றோர், ஆசிரியர், சுகாதார நிலையம். கடைசி பெஞ்சுப் பெண்ணும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதையே ஒப்பித்தாள். இதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் காட்டினால் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

ஆய்வுக்காரம்மா அங்கிருந்து நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். பள்ளிப் பிள்ளைகள் யாராவது வந்தார்களா என்று கேட்டாள். நர்ஸக்கா உதட்டைப் பிதுக்கினாள். மழைக்காலத்துக்கு அப்புறம் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை என்றாள். விடை எல்லாம் சரியாக இருந்தது, ஒருத்தரும் வரவில்லை. வழியெல்லாம் ஆய்வுக்காரம்மா அதையே யோசித்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

கடையில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு பம்பு மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும் என்றார். உண்மையைத் தைரியமாக எல்லார் முன்னாலும் சொன்னானே, பிள்ளைகள் வருவதும் நின்றுபோயிற்று, இனி என்ன பேச்சு என்றார். மாமாவும் ஆமோதித்தார். கடையில் இப்போதுதான் வேலை ஒழுங்காக நடக்கிறதாம்.

வீடியோ தலை நிமிராமல் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில் அவளிடம், "எழுதிட்டீங்களா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"யாரும் வரலங்க" என்றான். "ஒருத்தர்கூட."

 அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பள்ளி யூனிஃபார்மில் ஒரு பெண். ஆய்வுக்காரம்மாவுக்கு அவளை எந்த வகுப்பிலும் பார்த்ததாக நினைவில்லை. மேஜை ஃபேன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையோடு நெஞ்சில் அணைத்துப் பிடித்திருந்தாள். தூக்கி வந்த களைப்பில் மூச்சு வாங்கியது. உள்ளே இத்தனை பேர் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, நேரே வந்து ஃபேனை மேஜைமேல் வைத்தாள்.

வீடியோ கையைத் துடைத்துக்கொண்டு ஃபேனை வெளியே எடுத்தான். பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினான். ஃபேன் ஓடியது. அடுத்த பொத்தானை அழுத்தினான். இன்னும் வேகமாக, சின்ன உதறல்கூட இல்லாமல் ஓடியது. மேஜையிலிருந்த காகிதத் துணுக்குகள் பறந்து டிரைவரின் மடியில் விழுந்தன.

"இது நல்லாத்தான ஓடு..." என்று ஆரம்பித்த டிரைவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"என்ன கோளாறு?" என்று கேட்டான் வீடியோ.

"சத்தம் வருதுண்ணே."

"எப்ப வருது?"

அவள் ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம்" என்றாள்.

வீடியோ ஃபேனை நிறுத்தினான். "பிரிச்சுப் பாக்கணும். நேரமாகும். உக்காரு" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்குத் தெரியாட்டி, தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு பேருமாக் கொண்டுபோவோம்" என்றான்.

அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள். உட்கார இடம் இல்லை.

டிரைவர் மடியிலிருந்த காகிதத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். தன் மோட்டாருக்கு அவசரமில்லை, அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேலை கிடக்கிறது என்று இழுத்த மாமாவைத் தோளில் கைபோட்டுக் கிளப்பினார். ஆய்வுக்காரம்மாவைப் பார்த்து, "வாங்க மேடம், டீ சாப்பிட்டு வருவோம்" என்றார்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். டிரைவர் கடைசியாக வந்து, கடைக் கதவைச் சத்தம் வராமல் பாதி சாத்திவிட்டு வந்தார்.